இரண்டு சனிக்கிழமைகளும் ஒரு செம்மண் ரோடும்

ஓய்வு பெறும்வரை நான் வேலை செய்த பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் சென்ற மாதம் ஒரு கேள்வி வந்தது. அங்கே புதிதாகச் சேர்ந்திருக்கும் தினேஷ் என்ற இளம் ஆசிரியர் கேட்டிருந்தார்: “மல்லிகா டீச்சர், மொத நம்ப ஸ்கூலுக்கு பெடலாமான் காசு கெடச்சிச்சாம். இப்ப ஏன் இல்ல? நீங்கதான் எல்லாத்தையும் தேதி போட்டு எழுதி வெச்சிருப்பீங்கன்னு ஜீவிதா டீச்சர் சொல்றாங்க.”

எழுதி வைத்திருக்கிறேன். முப்பத்து நான்கு ஆண்டு வேலைக்கு முப்பத்து நான்கு நாட்குறிப்புகள். தினேஷுக்குக் குழுவிலேயே பதில் எழுத உட்கார்ந்தேன். விரல் வலித்ததுதான் மிச்சம். கேள்வி ஒரு வரி. பதில் ஒரு வரியில் அடங்கவில்லை. ஆகவே இந்தக் கட்டுரை.

பள்ளி கோலா சிலாங்கூருக்கு வடகிழக்கே, செம்பனைத் தோட்டத்துக்குள் இருக்கிறது. ஒன்பதாங்கட்டைத் தோட்டம் என்றுதான் அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். உண்மையான பெயர் வேறு, அதை நான் எழுதப் போவதில்லை. தார் ரோட்டிலிருந்து பிரியும் சிம்பாங்கில் ஒரு சின்ன முனீஸ்வரர் கோயில். அங்கிருந்து பள்ளிக்கு நான்கு கிலோமீட்டர் செம்மண் ரோடு. பள்ளி நிலம் தோட்டத்துடையது, ரோடும் தோட்டத்துடையது. ஆசிரியர்கள் மட்டும்தான் அரசாங்கத்துடையவர்கள். ஊராட்சி மன்றத்தைக் கேட்டால் தோட்டத்தைக் கேள் என்பார்கள். தோட்டத்தைக் கேட்டால், எங்கள் லோரிக்கு இந்த ரோடு போதும் என்பார்கள். அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. செம்பனைக் குலை ஏற்றிய லோரிக்கு அப்சோர்பர் உடைந்தால் நிர்வாகம் மாற்றிக்கொள்ளும். ஆசிரியையின் சின்னக் காடிக்கு, அதாவது காருக்கு, உடைந்தால் அவள் சம்பளத்தில்தான் மாற்ற வேண்டும்.

பயிற்சிக் கல்லூரியில் நான் கழித்த ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. பாடத்திட்டம் எழுதவும், கரும்பலகையில் நேர்கோடாக எழுதவும், தொண்டையைக் காப்பாற்றிக்கொள்ளவும் கற்றேன். ஒரு பள்ளியில் ஆசிரியர் நிலைத்திருப்பது ரோட்டையும் பொறுத்தது என்று அங்கே யாரும் சொல்லித் தரவில்லை.

நான் சொல்லப் போவது ஏழு ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அப்போது நான் துணைத் தலைமையாசிரியை. பள்ளியில் முப்பத்தேழு பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் ஜீவிதாவிடம் இருந்தன. அவளுக்கு முப்பது வயது இருக்கும். கணவர் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. கையில் ஒன்றரை வயது மகன். வாடகை கட்டுப்படியாகும் என்று புக்கிட் பெருந்துங்கில் குடியிருந்தார்கள். வாடகையில் மிச்சம் பிடித்ததைப் பெட்ரோல் தின்றது. அது போக காடிக்கு மாதத் தவணை, மகனைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணிக்குச் சம்பளம். மாதம் பிறந்து இருபது நாள் ஆவதற்குள் ஜீவிதாவின் மத்தியானச் சாப்பாடு மெகி நூடுல்ஸாக மாறிவிடும். அதை வைத்தே நான் தேதி சொல்லிவிடுவேன்.

அவள் வருவதற்கு முந்தைய ஆண்டில் ஒன்றாம் வகுப்புக்கு நான்கு தற்காலிக ஆசிரியர்கள் மாறி மாறி வந்து போனார்கள். நான்காமவர் போனபோது பிள்ளைகள் அழக்கூட இல்லை. பழகிப்போயிருந்தார்கள். ஜீவிதா வந்து ஒரு வருடத்தில் அந்தப் பிள்ளைகள் பேப்பர் படிக்கத் தொடங்கினார்கள். இதற்கு மேல் அவளைப் பற்றி நற்சான்றிதழ் தேவையில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் அவள் என் மேசைக்கு வந்தாள்.

“டீச்சர், ரெண்டாவது தடவையா அப்சோர்பர் போயிருச்சு. வீட்டுக்குக் கிட்ட, ரவாங்கு பக்கம் மாத்தல் கேக்கலாம்னு இருக்கேன். கோவிச்சுக்காதீங்க.”

“எப்ப எழுதிப் போடணும்?”

“ஆகஸ்ட் கடைசிக்குள்ள.”

கோபம் எங்கிருந்து வரும்? எனக்கு வந்தது பயம். நான்கு மாதம் இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

அரசாங்கத்தில் ஒரு படி உண்டு. போக்குவரத்து கடினமான உட்புறப் பள்ளிகளின் ஆசிரியர்களுக்கு மாதாமாதம் கொடுப்பது. பெடலாமான் காசு என்று சொல்வது அதைத்தான். எங்கள் பள்ளி அந்தப் பட்டியலில் இல்லை. யாரும் கேட்டதில்லை, அதனால் இல்லை.

தலைமையாசிரியர் சுப்பையா சாரிடம் போனேன். அவர் கடிதம் பார்க்கும் முறை மாவட்டத்தில் பிரசித்தம். எந்தக் கடிதத்தையும் இரண்டு முறை வாய்விட்டுப் படிப்பார், ஒரு முறை வேகமாக, ஒரு முறை மெதுவாக. மெதுவாகப் படிக்கும்போது வரிக்குக் கீழே அளவுகோலை வைத்துக்கொள்வார். சந்தேகம் வந்தால் அளவுகோல் நிற்கும். “டீச்சர், இந்த வரிய எடுத்துட்டா கடிதம் செத்துப் போயிருமா?” சாகாது என்றால் வரி போய்விடும். கடைசியில் சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து, காகிதத்துக்கு வலிக்காமல் கையெழுத்துப் போடுவார்.

விண்ணப்பப் பாரத்தில் பட்டணத்துக்குத் தூரம், ரோட்டின் வகை, மழைக்காலத்தில் எத்தனை நாள் வழி அடைபடும் என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். படமும் வேண்டும். மழை விட்ட ஒரு வியாழக்கிழமை மாலை நான் சிம்பாங்கிலிருந்து நடந்தே வந்து படம் எடுத்தேன். குழி ஆழம் படத்தில் தெரியாது என்பதால் ஒவ்வொன்றிலும் என் குடையை ஊன்றி வைத்தேன். மூன்றாவது குழியில் குடை பாதி முழுகியது. சுப்பையா சார் அந்தப் படத்தின் கீழ் அளவுகோலை வைத்து வெகுநேரம் பார்த்தார். “இது நிக்கட்டும்” என்றார்.

மாவட்டக் கல்வி இலாகாவிலிருந்து பதில் வந்தது. மே மாதம் ஒரு திங்கட்கிழமை, காலை ஒன்பது மணிக்கு, அதிகாரி நேரில் வந்து ரோட்டைப் பார்வையிடுவார்.

நான் சொல்ல வந்த தப்பு இங்கே நடந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவர் முனியாண்டி அண்ணன், ஓய்வு பெற்ற மண்டோர், தோட்ட வேலையை மேற்பார்த்தவர். அவரிடம் தகவல் சொல்ல வேண்டும். சுப்பையா சார் என்னைக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அதிகாரி ரோடு பாக்க வராங்கன்னு மட்டும் சொல்லுங்க. எதுக்குன்னு சொல்ல வேணாம். இந்த ரோட்லதான் தோட்டத்து ஆளுங்க தெனமும் வேலைக்குப் போறாங்க. நம்ப சம்பளத்துல பாதிகூட இல்ல அவுங்களுக்கு. அவுங்க முன்னாடி போயி, இந்த ரோட்ல வர்றதுக்கு எங்களுக்குக் காசு வேணும்னு எந்த வாயால சொல்றது?”

எனக்கும் அது சரி என்றே பட்டது. வெட்கம் என்று வந்துவிட்டால் சாரும் நானும் ஒரே ஆள்தான். முனியாண்டி அண்ணனிடம் ஒரே வரி சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

அதற்கு முந்தைய சனி, ஞாயிறு நான் கோலா குபு பாருவில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன். திங்கட்கிழமை காலை சிம்பாங்கில் திரும்பியதும் வழி தவறிவிட்டேனோ என்று நினைத்தேன். நாட்குறிப்பில் அன்றைய பதிவு இப்படி இருக்கிறது: “திங்கள். மழை இல்லை. ரோடு நன்றாக இருக்கிறது. ஐயோ.”

நான்கு கிலோமீட்டருக்கும் ஒரு குழி இல்லை. செம்மண் கொட்டி, சமப்படுத்தி, தண்ணீர் தெளித்து, இரண்டு பக்கமும் புல் வெட்டி, வளைவுக் கற்களுக்கெல்லாம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். பள்ளி வாசலில் தென்னங்குருத்துத் தோரணம். முனியாண்டி அண்ணன் சலவைச் சட்டையில் நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

“எப்படி டீச்சர்? சனிக்கிழம காலைல ஆரம்பிச்சோம், நேத்து பொழுது சாயத்தான் முடிஞ்சிச்சு. மேனேஜர் டிராக்டர் குடுத்தாரு. பொம்பளைங்க, பிள்ளைங்க எல்லாம் எறங்கிட்டாங்க. வந்து பாக்கறவங்க நம்ப தோட்டத்த ஒரு வார்த்த சொல்லிறக் கூடாதுலா!”

பழைய தோட்டத்துச் செய்திகளை நான் தேடித் தேடிப் படிப்பவள். வெள்ளைக்காரத் துரை சுற்றி வரும் நாளில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசலைப் பெருக்கி, கல்லுக்குச் சுண்ணாம்பு அடித்து வைத்த பழக்கம் அது. துரைமார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், சுண்ணாம்பு வாளி இன்னும் இருக்கிறது. பெரியவர் ஒருவர் பார்க்க வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அது தெரிந்தும் நான் அந்த ஒரே வரியைச் சொல்லியிருந்தேன்.

அதிகாரி புவான் ரோஸ்னா சரியாக ஒன்பது மணிக்கு வந்தார். புவான் என்பது பெண்களை அழைக்கும் மரியாதைச் சொல். அவர் பேசியது மலாயில், நான் தமிழில் எழுதுகிறேன். என் படங்களைப் பார்த்தார். ஜன்னல் வழியே ரோட்டைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார்.

“இது இந்த ரோடுதானா, டீச்சர்?”

“இதே ரோடுதான். முந்தாநாள் வரை.”

அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. சிறு வயதில் தஞ்சோங் காராங்கில் வயல் வரப்பில் நடந்து பள்ளிக்குப் போனவர். குடை ஊன்றிய படத்தை மட்டும் தனியே எடுத்து வைத்தார். “நான் பார்த்ததைத்தான் நான் எழுத முடியும். பார்க்காததை எழுதினால் நாளைக்கு என் எழுத்தை யாரும் நம்ப மாட்டார்கள்” என்றார். முனியாண்டி அண்ணன் மாலையும் இளநீரும் கொடுத்தார். இரண்டையும் மரியாதையாக வாங்கிக்கொண்டு போனார்.

ஜூலையில் கடிதம் வந்தது. ரோடு நல்ல நிலையில் உள்ளது, படி வழங்க இயலாது. ஆட்சேபம் இருந்தால் மறுபரிசீலனைக்கு எழுதலாம். சுப்பையா சார் அதை ஒரு முறைதான் படித்தார். அளவுகோலை எடுக்கவில்லை.

அன்று மாலை நான் முனியாண்டி அண்ணன் வீட்டுக்குப் போனேன். லயத்துக் கடைசி வீடு. அவர் மருமகள் சாந்தி பால் ஊற்றாத தே ஓ கலக்கிக் கொடுத்தாள். அவளுக்கு அப்போது நான்கு மாதம். நான் எல்லாவற்றையும் சொன்னேன்: படி, ஜீவிதாவின் காடி, மாத்தல், நாங்கள் ஏன் மறைத்தோம் என்பது.

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“அப்ப… ரோடு மோசமா இருந்திருந்தா டீச்சருக்குக் காசு வந்திருக்கும்?”

“ஆமாண்ணே.”

“நாங்க நல்லா போட்டு வெச்சதுனால வரல?”

“ஆமா.”

“அடப் பாவி மக்கா!” தலையில் கைவைத்தவர் உடனே எழுந்தார். “டிராக்டர் இன்னும் ஷெட்லதான் டீச்சர் நிக்கிது. ஒரு நாள் வேல. திருப்பித் தோண்டிப்புடலாம்.”

சாந்தி சிரித்ததில் தேத்தண்ணி சிந்தியது. “மாமா, நீங்க ஒன்னும் தோண்ட வேணாம். சும்மா இருங்க. லோரி தோண்டிரும்.”

அதுதான் நடந்தது. மே மாதத்துச் செம்மண்ணை இரண்டு மழையும் குலை லோரிகளும் பார்த்துக்கொண்டன. லயத்து ஆட்கள் செய்தது ஒன்றே ஒன்று, அவர்களுக்கு அது பெரிய காரியம்: சும்மா இருந்தார்கள். ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழாவுக்கு முன் ரோட்டை நிரப்புவது வழக்கம். அந்த ஆகஸ்டில் நிரப்பவில்லை. அம்மன் தேர் குலுங்கிக் குலுங்கித்தான் சிம்பாங் வரை போய் வந்தது.

அதற்கு முந்தைய வாரம் முனியாண்டி அண்ணனும் மூன்று தாய்மார்களும் வகுப்பு வாசலில் வந்து நின்று ஜீவிதாவைக் கேட்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள், காடியைக் கோயிலுக்குப் பக்கத்தில் விடுங்கள், நாங்கள் ஏற்றிக்கொண்டு வருகிறோம் என்று.

“கேட்டாங்க டீச்சர். இல்லன்னு சொல்ல வாய் வரல” என்றாள் அவள். ஆகஸ்ட் முப்பத்தொன்று மாத்தல் பாரம் போடாமலே கழிந்தது. அந்தத் தேதிக்குக் கீழே நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அன்றிலிருந்து காலை ஆறே முக்காலுக்குச் சிம்பாங்கில் யாராவது ஒருவரின் மோட்டார் நிற்கும். ஒரு நாள் மருந்து அடிக்கும் கங்காணி, ஒரு நாள் குலை லோரி டிரைவர், ஒரு நாள் முனியாண்டி அண்ணனே. ஹெல்மெட்டும் முதுகுப் பையுமாக ஜீவிதா பின்னால் உட்கார்ந்து வருவாள்.

மறுபரிசீலனைக் கடிதத்தை சுப்பையா சார் மூன்று முறை படித்தார். அதில் ஒரு வரி முனியாண்டி அண்ணன் சொல்லச் சொல்ல நான் எழுதியது: சென்ற வருகையின்போது ரோட்டைச் செப்பனிட்டது பெற்றோர்களே, அரசாங்கமோ தோட்டமோ அல்ல. அளவுகோல் அந்த வரியில் நின்றது. “இத எடுத்தா கடிதம் செத்துரும்” என்றார் சார். அதன் கீழே சங்கத் தலைவர் கையெழுத்துக்கு இடம் விட்டார். பள்ளிக் கடிதத்தில் தன் பெயருக்குப் பக்கத்தில் இன்னொருவருக்கு அவர் இடம் விட்டதை நான் அன்றுதான் பார்த்தேன்.

அக்டோபரில் புவான் ரோஸ்னா மறுபடி வந்தார். யாரும் பெருக்கவில்லை. தோரணம் இல்லை. முனியாண்டி அண்ணனுக்குக் கை துறுதுறுத்ததை நான் பார்த்தேன். விருந்தாளி வரும் நாளில் வாசலில் குப்பை கிடப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க அவரால் முடியவில்லை, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். இலாகா காடி இரண்டாவது கிலோமீட்டரில் புதைந்தது. அண்ணன் மோட்டாரில் விரைந்து போய்த் தள்ளினார். புவான் இறங்கி, பாஜூ குரோங் பாவாடையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, மீதித் தூரம் அண்ணனின் மோட்டாரில் வந்தார்.

“புவான், போன தடவ நாங்கதான் ரோட்டக் கெடுத்துட்டோம்” என்று அண்ணன் தனக்குத் தெரிந்த மலாயில் சொன்னார். நல்லதாக்கியதைத்தான் அப்படிச் சொன்னார். புவான் அன்றைக்குத்தான் சிரித்தார். போகும்போது என் குடையைக் கேட்டு வாங்கி, மூன்றாவது குழியில் தானே ஊன்றிப் படம் எடுத்துக்கொண்டார்.

முடிவு வரச் சில மாதமாகும் என்றார்கள். இடையில் யாராவது திரும்ப வந்து பார்த்தாலும் பார்ப்பார்கள் என்ற பேச்சும் இருந்தது. அதனால் ரோடு அப்படியே கிடந்தது.

நவம்பரில் ஒரு புதன்கிழமை. மழை. ஜீவிதா மோட்டாரில் வரும்போது எதிரே சாந்தி நடந்து வந்திருக்கிறாள். எட்டு மாதம். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, ஓரமாக, மரத்துக்கு மரம் கை ஊன்றி. கிளினிக்குக்குப் போகிறாள். மோட்டாரில் போனால் குலுக்கும் என்று நடந்தே சிம்பாங் வரை போய், அங்கிருந்து காடி. இரண்டு மாதமாக அப்படித்தானாம்.

ஜீவிதா நேராகத் தலைமையாசிரியர் அறைக்கு வந்தாள். தலையெல்லாம் ஈரம். முனியாண்டி அண்ணனையும் வரச் சொன்னாள்.

“அண்ணே, ரோட்ட நெரப்புங்க.”

“காசு வரட்டும் டீச்சர். இன்னும் கொஞ்ச நாளுதான.”

“கொழந்த கொஞ்ச நாள் பொறுக்குமா? ராத்திரில வலி எடுத்தா ஆம்புலன்ஸ் உள்ள வருமா?”

“தூக்கிட்டுப் போயிருவோம் டீச்சர். முன்ன எல்லாம் அப்படித்தான…”

“வேணாம்ண்ணே. எனக்கு சம்பளம் கூட வரணும்னு சாந்தி சேத்துல நடக்குறதுன்னா அந்தக் காசே வேணாம். வந்தா வரட்டும், வராட்டிப் போவட்டும். நான் மாத்தல் கேக்க மாட்டேன்னு சொல்லல. ஆனா ரோட்ட நெரப்புங்க.”

சுப்பையா சார் அளவுகோலைக் கையில் வைத்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சனிக்கிழம” என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஜீவிதா கணவரையும் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மகன் சாந்தியின் மடியில். ஜீவிதா கையில் மண்வெட்டி. அதற்கு முன் அவள் அதைத் தொட்டதில்லை என்பது பிடித்த விதத்திலேயே தெரிந்தது. பெண்கள் கேலி செய்தே பொழுதைப் போக்கினார்கள். “டீச்சர், பென்சில் பிடிக்கிற மாதிரி பிடிக்காதீங்க லா!” சுப்பையா சார் மைப்பேனாவை என்னிடம் கொடுத்துவிட்டு, சட்டையை மடித்து விட்டுக்கொண்டு டிராக்டருக்குப் பின்னால் போனார்.

பத்து மணிக்குத் தேத்தண்ணி வந்தது. எல்லோரும் செம்மண்ணும் வேர்வையுமாக மர நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அப்போது சார் செய்ததை நான் எதிர்பார்க்கவில்லை. தன் சம்பளம் எவ்வளவு, வீட்டுக் கடனுக்கும் பெரியவன் படிப்புக்கும் எவ்வளவு போகிறது, கையில் எவ்வளவு நிற்கிறது என்று, வருகைப் பதிவேடு வாசிப்பதுபோல வரிசையாகச் சொன்னார். ஜீவிதாவின் சம்பளத்தை அவள் சம்மதத்தோடு அவளையே சொல்ல வைத்தார்.

முனியாண்டி அண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார்.

“அவ்வளவுதானா சார்? இத்தன வருசமா நாங்க உங்கள பணக்காரங்கன்னுல்ல நெனச்சிக்கிட்டு இருந்தோம்!”

எல்லோரும் சிரித்தார்கள், சாரும் சிரித்தார். அதன் பிறகு லயத்து ஆட்கள் தங்கள் சம்பளத்தைச் சொன்னார்கள். அதைக் கேட்டு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. மருந்து அடிக்கும் லெட்சுமி ஜீவிதாவின் கையைப் பிடித்துப் பார்த்து, கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் போட்டுவிட்டாள்.

டிசம்பரில் சாந்திக்கு வலி எடுத்தபோது ஆம்புலன்ஸ் லயத்து வாசல் வரை வந்தது. பெண் குழந்தை. ஜனவரி இரண்டாம் வாரம் இலாகா கடிதமும் வந்தது: பள்ளி பட்டியலில் சேர்க்கப்பட்டது. யாரும் திரும்ப வந்து பார்க்கவில்லை. அந்தப் படியில் ஜீவிதா முதலில் என்ன செய்தாள் என்று கேட்டால் நான் ஒன்றும் பெரிதாகச் சொல்ல முடியாது. காடிக்கு நான்கு டயர் மாற்றினாள். மாதத்தின் இருபதாம் தேதிக்குப் பிறகும் சோறு கொண்டு வந்தாள். எனக்குத் தேதி சொல்வது கஷ்டமாகிவிட்டது.

தினேஷ், நீங்கள் கேட்ட கேள்விக்கு இப்போது வருகிறேன். சென்ற ஆண்டு அந்த ரோட்டுக்குத் தார் போட்டார்கள். நல்ல ரோடு. அதனால் படி நின்றது. தார் போட்டது பற்றி எனக்குச் சந்தோஷம்தான். சாந்தியின் மகள் இந்த ஆண்டு ஒன்றாம் வகுப்பு. அதே ரோட்டில் சைக்கிளில் வந்து ஜீவிதாவின் வகுப்பில் உட்காருகிறாள். ஆனால் புக்கிட் பெருந்துங் ஒரு கிலோமீட்டர்கூடக் கிட்டே வரவில்லை. வாடகையும் பாலும் பெட்ரோலும் தார் போட்டதால் இறங்கவில்லை. ஆகவே தூரத்தைக் காரணம் காட்டி நீங்கள் புதிதாக எழுதத்தான் வேண்டும். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எங்களுக்கு அது தெரிய ஒரு ரோடு தேவைப்பட்டது.

எழுதுவதற்கு முன் லயத்துக் கடைசி வீட்டில் போய்ச் சொல்லிவிடுங்கள் என்று தினேஷிடம் போனில் சொல்லியிருந்தேன். அவர் நேற்று போயிருக்கிறார். முனியாண்டி அண்ணனுக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். முழுவதையும் இரண்டு முறை கேட்டாராம். சுண்ணாம்பு வாளி கதவோரம் இருந்ததாம், அதைக் காலால் உள்ளே தள்ளிவிட்டுச் சொன்னாராம்:

“சரி தம்பி. இந்தத் தடவ நாங்க என்னா செய்யணும், என்னா செய்யக் கூடாது, ரெண்டையும் மொதல்லயே சொல்லிரு லா.”